ட்ராக் காருக்கு எக்ஸாஸ்ட் செய்வது: பைப் வாங்குவதிலிருந்து முதல் ஸ்டார்ட் வரை

நான் முதன்முதலில் சொந்தமாகச் செய்த எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) இரண்டு செஷன்கூட முழுசாகத் தாங்கவில்லை. கோவை செட்டிபாளையத்தில் காரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக். இரண்டாவது செஷன் பாதியில் அடியில் ஒரு 'டங்'. பைப்பின் பின்பாதி தாரில் உரசிக்கொண்டே பிட்டுக்கு வந்து சேர்ந்தது. வெல்டிங் விட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். படுத்துப் பார்த்தால் வெல்டிங் கல் மாதிரி அப்படியே இருந்தது. பைப்பைத் தொங்கவிடும் ஹேங்கர் கம்பியைப் பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் பைப்தான் வட்டமாகக் கிழிந்திருந்தது. மூன்று இடத்தில் பாடியோடு இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன். இஞ்சின் ஆடும், பைப் சூட்டில் நீளும் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் குதிரைசக்தியைவிட அசைவைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். உதாரணத்துக்குப் பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கை எடுத்துக்கொள்கிறேன். 106 குதிரைசக்தி, டர்போ இல்லாத நாலு சிலிண்டர். அளவுகள்தான் காருக்குக் கார் மாறும், வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

முதலில் சட்டம். இது ட்ராக் காருக்கான வேலை. சாலையில் ஓடும் காரை உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. சத்தத்துக்கும் புகைக்கும் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ரோட்டில் ஓட்டும் காரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றாதீர்கள். ட்ராக்குக்குக்கூட டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோவதுதான் நிம்மதி.

எத்தனை இஞ்ச் பைப்?

பெரிய பைப் போட்டால் பவர் கூடும் என்பது ஒரு கட்சி. பேக் பிரஷர் (புகைக்கு எதிரே நிற்கும் அழுத்தம்) இருந்தால்தான் டார்க் (திருப்புவிசை) வரும் என்பது எதிர்க்கட்சி. இரண்டுமே சரியில்லை. இஞ்சினுக்கு பேக் பிரஷர் ஒருபோதும் தேவையில்லை, அதற்குத் தேவை புகையின் வேகம். வேகமாக வெளியேறும் புகை தன் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பு அடுத்த சிலிண்டரைக் காலி செய்ய உதவும். பைப்பை அகலமாக்கினால் வேகம் விழுந்து இழுப்பும் போய்விடும். 2 இஞ்ச் இருக்க வேண்டிய இடத்தில் 3 இஞ்ச் போட்டால் குறுக்குவெட்டுப் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. ஒரு 1.5 லிட்டர் இஞ்சின் அதை நிரப்புவதற்குள் லேப் முடிந்துவிடும்.

டர்போ இல்லாத 100 முதல் 150 குதிரைசக்திக்கு 2 இஞ்ச் போதும். கேம், த்ராட்டில் எல்லாம் மாற்றி 180 பக்கம் போகிறவர்கள் இரண்டேகால் போடலாம். 200ஐத் தாண்டினால் இரண்டரை. டர்போ கார் வேறு கதை. டர்பைனுக்குப் பின்னால் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, அடியில் இடம்தான் எல்லை.

பைப்பும் பெண்டும்

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304, சுவர் 1.5 மி.மீ. இதை வாங்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. காசு இறுக்கம் என்றால் 409. மேலே லேசாகத் துரு படியும், ஆனால் கார் கம்பெனிகளே பயன்படுத்துவது பெரும்பாலும் அதுதான், சூட்டில் 304ஐவிடக் குறைவாகத்தான் நீளும். தண்ணீர்க் குழாய்க்கான ஜி.ஐ. பைப்பை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். பற்றவைக்கும்போது அதன் துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

பெண்டை (வளைவுத் துண்டை) மாண்ட்ரல் பெண்டாகவே வாங்குங்கள், வளைவிலும் உள்விட்டம் குறையாது. உள்ளூர் சைலன்சர் கடையில் மெஷினில் அழுத்தி வளைத்துக் கொடுப்பதில் வளைவின் உட்பக்கம் சப்பையாகிவிடும். 2 இஞ்ச் வாங்கி ஒன்றேமுக்கால் இஞ்சுக்கு வேலை செய்த கதைதான். பழைய பட்டறைகளில் காய்ந்த மணலை இடித்து நிரப்பி, கேஸ் வைத்துச் சூடாக்கி வளைப்பார்கள். கை பழகியவர் செய்தால் அழகாக வரும், ஆனால் இன்று அதற்குப் பொறுமை உள்ளவர் குறைவு. நாலு 90 டிகிரி, மூன்று 45 டிகிரி, ஒரு 'யு', மூன்று மீட்டர் நேர்ப் பைப். சிட்டிக்கு இது போதும், கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சட்டும், முதல் ஆளாக எல்லோரும் ஒரு பெண்டையாவது தப்பாக வெட்டுவோம்.

காரடியில் அளவெடுப்பது

இதுதான் உண்மையான வேலை. பற்றவைப்பதற்கு அரை நாள் என்றால் இதற்கு ஒன்றரை நாள் ஒதுக்குங்கள்.

காரை ஜாக்கியில் தூக்கினால் பின்சக்கரம் தொங்கிவிடும். அந்த நிலையில் அளவெடுத்துச் செய்த பைப், சக்கரம் மேலே ஏறும்போது சஸ்பென்ஷனில் இடிக்கும். அதனால் சக்கரத்துக்கு அடியில் ராம்ப் வைத்து, எடை சக்கரத்தில் நிற்கும்படி பாருங்கள். பட்டறையில் இறங்கி நிற்கும் குழி இருந்தால் இன்னும் வசதி. பிறகு ஒருமுறை சக்கரத்தைத் தொங்கவிட்டும் சரிபாருங்கள்.

இரண்டு முனையையும் முதலில் நிலையாக்குங்கள். முன்னால் ஹெடரின் (நாலு சிலிண்டரின் புகையையும் ஒன்றாகச் சேர்க்கும் பைப்புகள்) கடைசி ஃபிளாஞ்ச் (போல்ட் போடும் தகடு), பின்னால் மஃப்ளர் (சைலன்சர்). மஃப்ளரைச் சரியான உயரத்தில், வால் பைப் பம்பரிலிருந்து சரியான தூரத்தில் இருக்கும்படி கட்டுக்கம்பி போட்டுத் தொங்கவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் 8 மி.மீ. கம்பியை வளைத்து வளைத்து ஒரு பாதை உண்டாக்குங்கள். அதுதான் பைப்பின் நடுக்கோடு. கம்பியைக் கழற்றித் தரையில் வைத்தால் எந்த இடத்தில் எத்தனை டிகிரி பெண்டு வேண்டும் என்று கண்ணாலேயே தெரியும். பிளம்பர்கள் போடும் பி.வி.சி. பைப்பையும் எல்போவையும் வைத்து மாதிரி கட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. கனம் தெரிவதால் அதுவும் நல்ல வழிதான்.

பாடிக்கும் பைப்புக்கும் இடையில் 25 மி.மீ. இடைவெளி வேண்டும். அந்தக் கனத்தில் தெர்மாகோல் துண்டு வெட்டி இடையில் சொருகிக்கொண்டால் டேப்பை எடுத்துக் குனிந்து குனிந்து பார்க்க வேண்டாம். பெட்ரோல் லைன், பிரேக் லைன், ஹேண்ட் பிரேக் கேபிள் பக்கத்தில் அதற்கும் மேல் விடுங்கள், அங்கே தகடு மறைப்பும் போடுங்கள். இந்தக் காரில் எக்ஸாஸ்ட் ரேடியேட்டர் பக்கம் பார்த்திருக்கும், பைப் சம்ப்புக்கு (இஞ்சின் ஆயில் தொட்டி) அடியில் நுழைந்துதான் பின்னால் போகும். கார் தாழ்த்தியிருந்தால் கர்ப் (ட்ராக் ஓர மேடு) மேல் ஏறும்போது முதலில் அடிபடுவது அந்த இடம்தான்.

வெட்டுவதும் பொருத்துவதும்

வெட்டு நேராக வர, மாஸ்கிங் டேப்பைப் பைப்பைச் சுற்றி ஒட்டுங்கள். டேப்பின் முனை ஓரத்தோடு ஓரம் சந்தித்தால் அந்தக் கோடு நேர். பேண்ட் ஸா இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எஸ்.எஸ்.சுக்கான மெல்லிய வீல் போட்ட கிரைண்டர். இரும்புக்குப் போட்ட வீலை இதற்கு எடுக்காதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் இரும்புத்தூள் எஸ்.எஸ்.சில் பதிந்து அங்கேதான் முதலில் துரு எடுக்கும்.

வெட்டிய பிறகு பிசிறை உள்ளும் வெளியும் அரத்தால் எடுங்கள். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, ஒரு முனையில் மொபைல் டார்ச்சை வைத்துப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் திரும்ப அரம். ராடு போட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டால் ஒன்று ஓட்டை விழும், இல்லையென்றால் பைப் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு மி.மீ. இழுத்தால் வால் பைப் வரும்போது அது இரண்டு விரல் ஆகியிருக்கும்.

டேக் வண்டியில், வெல்டிங் மேஜையில்

வண்டியில் எந்த வெல்டிங் செய்வதற்கு முன்பும் பேட்டரியைக் கழற்றுங்கள், எர்த் கிளிப்பை டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) வைக்கும் பைப்பிலேயே மாட்டுங்கள். இசியு (இஞ்சினின் கம்ப்யூட்டர்) விலை தெரிந்தவர்களுக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் டேங்க் பக்கம் நனைத்த சாக்கு, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான், கூட ஒரு ஆள்.

ஒவ்வொரு இணைப்புக்கும் முதலில் ஒரே ஒரு டேக். அது இருந்தால் இன்னும் கையால் லேசாகத் திருத்தலாம். சரியென்று பட்டதும் எதிர்ப்பக்கம் இரண்டாவது, பிறகு இரண்டு ஓரமும். இப்படி முழு லைனையும் டேக்கிலேயே கட்டி முடித்து, கழற்றி, மறுபடி மாட்டிப் பாருங்கள். கழற்ற முடியாத எக்ஸாஸ்டைச் செய்து வைத்து, பின் ஆக்ஸிலை இறக்கியவர் எனக்குத் தெரியும். ஒரு வி-பேண்ட் கிளாம்ப்பை (கழற்றி மாட்டும் பட்டை இணைப்பு) நடுவில் போட்டால் அந்தத் தலைவலி இல்லை.

முழு வெல்டிங் மேஜையில், ஆர்கானில் (டிக் வெல்டிங்). துடைக்க அசிட்டோன் மட்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாகும், விளையாட்டில்லை. 1.5 மி.மீ. சுவருக்கு 50 முதல் 60 ஆம்பியர், வெல்டிங் டார்ச்சில் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் ஆர்கான், 308எல் ராடு. எஸ்.எஸ்.சையும் சாதா இரும்பு ஃபிளாஞ்சையும் சேர்ப்பதென்றால் 309எல்.

பலர் விட்டுவிடுவது உள்பக்கம். 304இன் பின்பக்கத்தில் காற்று பட்டால் வெல்டிங் கருகி, உள்ளே கறுப்புச் சர்க்கரை மாதிரி பொரிந்து நிற்கும். அது புகையையும் தடுக்கும், நாளாக ஆக அங்கேயே வெடிப்பும் விடும். அதனால் பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் விட வேண்டும். ஒரு முனையை அலுமினிய ஃபாயிலும் டேப்பும் போட்டு மூடி டியூபைச் சொருகுங்கள், மறுமுனையையும் மூடிச் சின்ன ஓட்டை மட்டும் விடுங்கள். இடையில் இன்னும் டேக்கில் நிற்கிற மற்ற இணைப்புகளிலும் டேப் சுற்றுங்கள். ஆர்கான் காற்றைவிடக் கனம், எனவே டியூப் கீழேயும் ஓட்டை மேலேயும் இருக்கட்டும். இரண்டரை மீட்டர் நீள 2 இஞ்ச் பைப்பின் கொள்ளளவு சுமார் நாலரை லிட்டர். அதைப்போல ஐந்து மடங்கு வாயு உள்ளே போனால் காற்று போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 8 லிட்டரில் மூன்று நிமிடம். கடைசி அரை இஞ்சை மூடும்போது உள் வாயுவைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த அழுத்தமே உருகியதை வெளியே ஊதித் தள்ளும்.

வெல்டிங் நிறம் பொன், வைக்கோல் என்றால் அருமை. நீலம் வரை பரவாயில்லை. சாம்பல் நிறமானால் சூடு அதிகம், கை மெதுவு. ஒரே மூச்சில் சுற்றாமல் கால் கால் வட்டமாக எதிரெதிரே போங்கள்.

ஹெடரும் செய்ய வேண்டுமா?

முதல் முறை என்றால் வேண்டாம். தயாராகக் கிடைக்கும் ஹெடரை மாட்டி, அதிலிருந்து பின்னால் மட்டும் செய்யுங்கள். கை அரிக்கிறது என்பவர்களுக்கு இரண்டு விஷயம்.

ஒன்று நீளம். இந்த இஞ்சினின் ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. நாலை இரண்டாக்கி ஒன்றாக்கும் ஹெடரில் 1ம் 4ம் ஒரு ஜோடி, 2ம் 3ம் ஒரு ஜோடி. நீளத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு பி.டி.சி.க்கு (பிஸ்டன் அடிமட்டத்தில் நிற்கும் நிலை) எத்தனை டிகிரி முன்னால் திறக்கிறதோ அதோடு 180ஐக் கூட்டி, 850ஆல் பெருக்கி, எந்த ஆர்.பி.எம்.மில் பலன் வேண்டுமோ அதால் வகுத்து, 3ஐக் கழிக்க வேண்டும். வருவது இஞ்ச். 45 டிகிரி, 6,500 ஆர்.பி.எம். என்றால் இருபத்தாறரை இஞ்ச் கிட்ட வரும். நாலு-இரண்டு-ஒன்று ஹெடரில் இது ஃபிளாஞ்சிலிருந்து கடைசிச் சேர்க்கை வரை உள்ள மொத்த நீளம். இதில் அரை இஞ்ச் முன்பின் ஆனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நாலு பைப்பும் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதுதான் முக்கியம்.

இரண்டு, ஃபிளாஞ்ச். 10 மி.மீ. தகட்டை லேசரில் வெட்டி வாங்கினாலும் வெல்டிங் சூட்டில் அது வாழைப்பழம் மாதிரி வளையும். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில் பழைய சிலிண்டர் ஹெட் ஒன்று தேடி வாங்கி, ஃபிளாஞ்சை அதில் போல்ட் போட்டு இறுக்கியபடியே பற்றவையுங்கள். முழுசாக ஆறும்வரை கழற்றக்கூடாது. அப்படியும் கொஞ்சம் வளையும், லேத்தில் கொடுத்து முகம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளெக்ஸ், ஹேங்கர்: என் பைப் கிழிந்த இடம்

304 நன்றாகவே நீளும். மூன்று மீட்டர் லைன் சராசரியாக 300 டிகிரி சூடேறினால் ஒன்றரை சென்டிமீட்டர். அதற்கு மேல், குறுக்கே உட்கார்ந்திருக்கும் இஞ்சின் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் முன்னும் பின்னும் தலையாட்டும். இந்த இரண்டு அசைவுக்கும் எங்கேயாவது இடம் கொடுத்தே ஆக வேண்டும். நீங்கள் கொடுக்காவிட்டால் பைப் தானே எடுத்துக்கொள்ளும், விரிசலாக.

ஹெடர் முடிந்ததும் ஒரு ஃபிளெக்ஸ் (கம்பிப் பின்னல் போர்த்திய, வளையும் பைப் துண்டு) போடுங்கள், உள்ளே இன்டர்லாக் லைனர் உள்ளதாகப் பார்த்து. மாட்டும்போது அது இழுபட்டோ அமுங்கியோ இருக்கக்கூடாது. அது வளைவதற்காகச் செய்தது, முறுக்குவதற்கு அல்ல. முறுக்கி மாட்டினால் சில வாரத்தில் பின்னல் பிரிந்துவிடும்.

ஃபிளெக்ஸுக்கு முன்னால் உள்ள பிராக்கெட் எல்லாம் இஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ போக வேண்டும். பின்னால் உள்ளதெல்லாம் ரப்பர் வழியாகப் பாடியில். இந்தக் கோட்டைத் தாண்டிக் கட்டினால் ஃபிளெக்ஸ் போட்டும் போடாத மாதிரிதான். நான் செய்தது சரியாக இந்தத் தப்பு.

ஹேங்கருக்கு 10 மி.மீ. எஸ்.எஸ். கம்பி. கம்பியின் நுனியை மட்டும் மெல்லிய பைப்பில் குத்தி நிறுத்திப் பற்றவைக்காதீர்கள். கம்பியை 'எல்' மாதிரி வளைத்து, 50 மி.மீ. நீளம் பைப்போடு படுக்க வைத்துப் பற்றவையுங்கள். இன்னும் நல்லது, முதலில் பைப்பில் ஒரு சின்னச் சேணத் தகடு, கம்பி அதன்மேல். ஃபிளெக்ஸை விட்டதும் ஒன்று, மஃப்ளருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின் ரப்பர் குளிரில் இருக்கும்போது ஐந்து மி.மீ. முன்பக்கம் சாய்ந்திருக்கட்டும், சூடேறியதும் தானே நேராகும். ரப்பர் வாங்குவதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

சென்சர் குழி

ஆக்ஸிஜன் சென்சருக்கு எம்18, பிட்ச் 1.5 மரை. கடிகாரத்தில் 10க்கும் 2க்கும் நடுவில் எங்கேயாவது மேல்நோக்கி வையுங்கள். கீழே பார்த்தால் காலையில் பைப்பில் தேங்கும் தண்ணீர் சூடான செராமிக்கில் பட்டு உடைத்துவிடும். பற்றவைக்கும்போது மரை சுருங்காமலிருக்க ஒரு செத்த சென்சரை மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். சாதா சிலிக்கான் சீலன்ட்டை இந்தப் பக்கம் எங்கும் தடவ வேண்டாம், சென்சருக்கு அது விஷம்.

மஃப்ளரும், மண்டையைக் குடையும் இரைச்சலும்

ஓட்டைக் குழாயும் சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சும் உள்ள நேர்வழி மஃப்ளர் ட்ராக்குக்குப் போதும். ஆனால் அது கீச்சுச் சத்தத்தைத்தான் உறிஞ்சும், அடித்தொண்டைச் சத்தத்தை விட்டுவிடும். நாலு சிலிண்டர் இஞ்சின் 3,000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 100 முறை வெடிக்கிறது. அந்த 100 ஹெர்ட்ஸ் காருக்குள் அறை முழுக்க உறுமினால் அரை மணி நேரத்தில் தலைவலி.

அதற்கு மருந்து, முனை மூடிய ஒரு கிளைப் பைப். சத்தம் உள்ளே போய் முட்டித் திரும்பும்போது மெயின் பைப்பில் வரும் சத்தத்துக்கு நேர் எதிராக வந்து அதை அடக்கும். நீளம், அந்தச் சூட்டில் ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணின் நாலு மடங்கால் வகுத்தது. 200 டிகிரியில் ஒலி நொடிக்கு 435 மீட்டர் போல ஓடும். 100 ஹெர்ட்ஸுக்கு 1.09 மீட்டர். மொபைலில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டு, உறுமும் ஆர்.பி.எம்.மில் எந்த ஹெர்ட்ஸ் தூக்கி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு பிறகு வெட்டுங்கள். கிளையின் உண்மையான சூட்டை யாராலும் சொல்ல முடியாது, அதனால் கொஞ்சம் நீளமாக வெட்டி, மூடியை டேக்கில் வைத்து ஓட்டிப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

முதல் ஸ்டார்ட்

ஸ்டார்ட் செய்வதற்கு முன், குளிர்ந்த நிலையிலேயே லீக் பாருங்கள். வால் பைப்பில் ப்ளோயரைத் துணி சுற்றிச் சொருகி ஊதவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடித்தால் நுரை காட்டிக்கொடுக்கும். சென்சருக்கு முன்னால் ஒரு குண்டூசி ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, இசியு பெட்ரோல் குறைவு என்று தப்பாகப் புரிந்துகொள்ளும்.

பைப் முழுக்க அசிட்டோனில் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கைரேகை எஸ்.எஸ்.சில் நிரந்தரமாகப் பழுப்பாகப் பதியும். வெட்டவெளியில் பதினைந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். மஃப்ளரிலிருந்து கொஞ்சம் வெள்ளைப் புகை வரும், பயப்பட வேண்டாம், பஞ்சிலும் பைப்பிலும் இருந்த எண்ணெய்தான். முழுசாக ஆறியதும் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். ஹெடர் வரை மாற்றியிருந்தால் வைட்பேண்ட் மீட்டர் போட்டுக் காற்று-பெட்ரோல் கலவை பார்க்காமல் ரெட்லைன் (இஞ்சினின் உச்ச ஆர்.பி.எம்.) பக்கம் போகாதீர்கள்.

முதல் செஷன் ஐந்து லேப் மட்டும். பிட்டுக்கு வந்ததும் ஆறவிட்டு, டார்ச்சோடு அடியில் படுங்கள். இணைப்பில் கறுப்புப் புகைக்கோடு இருந்தால் அங்கே லீக். பாடியில் பளபளவென்று ஒரு தேய்ப்பு இருந்தால் அங்கே இடிக்கிறது. ரப்பர் ஒரு பக்கம் இழுபட்டே நின்றால் ஹேங்கர் தப்பான இடத்தில் இருக்கிறது. ஹேங்கர் கம்பி பைப்பைத் தொடும் ஓரத்தை மட்டும் விரல் நகத்தால் ஒருமுறை சுற்றி வருடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் நகத்தில் தட்டும்.